ஊஃபர் பெட்டி கொதித்த கதை

போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், திருத்தணியில் எங்கள் வீட்டிலேயே நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் உள்ளங்கால் கூசுகிறது.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் கூடம், பின்பக்கம் தறிக் கொட்டகை, நடுவில் ஒரே ஒரு சுவர். கொட்டகையில் இருக்கும் விசைத்தறிகளை நானும் என் வீட்டுக்காரருமாகத்தான் ஓட்டுகிறோம். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் எங்கள் தெருவில் எல்லோருக்குமே உதட்டைப் பார்த்தே பேச்சு புரியும். கல்யாணப் பந்தியில் அந்தக் கோடியில் உட்கார்ந்து யாராவது என்னைப் பற்றிப் புறணி பேசினால் இந்தக் கோடியிலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும். எழுந்துபோய்ப் பதில் சொல்லிவிட்டு வந்துதான் ரசத்துக்குச் சோறு வாங்குவேன்.

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். மீசை முளைக்கும் முன்பே தறிப் பக்கம் நின்றவர். குயில் கூவினால் கேட்காது. வாசலில் பால்காரர் மணி அடித்தால் கேட்காது. நான் திட்டினால் கேட்காது. இந்தக் கடைசி ஒன்றில் மட்டும் எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு. ஆனால் தவில், பம்பை மாதிரி கனத்த சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்கும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி போகும்போது பம்பைக்காரர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நடப்பார். மலை ஏறி இறங்கி வந்த பிறகும் இரண்டு நாளைக்கு விரல் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்.

இது தெரிந்துதான் எங்கள் பையன் ஆடி மாதத்தில் கனத்த சத்தத்துக்கென்றே இருக்கிற ஸ்பீக்கர், ஊஃபர் பெட்டி ஒன்று வாங்கிவந்தான். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கும், கரண்டில் சொருகினால் போதும் என்கிற ரகம். டிவி கேபிள் பெட்டியிலிருந்து ஒரு ஒயர் இழுத்து அதில் மாட்டினான். பம்பை பாட்டு வந்ததும் இவர் கிட்டே போய்ப் பெட்டியில் கை வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, முதுகை அதில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். “முதுவுக்குள்ள அடிக்குதுடி” என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்று அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். அதிலிருந்து தினமும் சாயங்காலம் தறியை நிறுத்தி, டீ குடித்து, பெட்டியில் சாய்ந்தால்தான் மனுஷனுக்குப் பொழுது போகும்.

அந்தச் சந்தோஷம் ஆவணி மழை வரைக்கும்தான். ஒருநாள் சாய்ந்த வேகத்தில் ஐயோ என்று எழுந்தார். பனியனைத் தூக்கிப் பார்த்தால் முதுகில் பட்டை பட்டையாகச் சிவந்திருந்தது. பெட்டியின் பின்னால் இருக்கிற இரும்புத் தகடு தோசைக்கல் மாதிரி காய்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துபோனது. ஆறியதும் மறுபடி ஓடியது, மறுபடி கொதித்தது.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. தூசி தட்டினோம். சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். பின்னால் டேபிள் ஃபேன் வைத்தோம். மனுஷனுக்கு இல்லாத ஃபேன் பெட்டிக்குக் கேட்குதா என்று நான் கத்தினேன். சத்தத்தைக் குறைத்து வைத்தோம். எதற்கும் மசியவில்லை. பஜாரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் கழற்றிப் பார்த்தார், ஒரு பகல் முழுக்கப் பாட்டு ஓடவிட்டார். பெட்டி ஜில்லென்று ஓடியது. “நல்லாத்தாங்க கீது. உங்க வூட்ல வோல்டேஜ் சரியில்ல போல” என்றார். ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினோம். ஸ்டெபிலைசர் நன்றாக இருந்தது, பெட்டி பழையபடியே கொதித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், பாட்டே போடாத நேரத்திலும் சுட்டது. ஒரு வேலையும் செய்யாமலே களைத்துப்போகிற என் நாத்தனார் ஞாபகம்தான் வந்தது எனக்கு.

ஒருநாள் பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு, இப்போது எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று தகட்டைத் தொட்டேன். சுரீர் என்றது. சூடு போட்டுவிட்டது என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டேன். கை சிவக்கவில்லையே, கொப்பளிக்கவில்லையே என்று யோசிக்கத் தோன்றவில்லை. தறி வைத்திருப்பவர்களுக்கு மழைக்காலத்தில் தறி லேசாக ஷாக் அடித்துக் கடிப்பது பழக்கம். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, மரப் பலகை மேல் நின்று ஓட்டிக்கொண்டு போவோம். கடிக்கிறது என்று யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதுகூட இல்லை.

இவர் பெட்டியில் சாய்வதை விட்டார். பிறகு பக்கத்தில் உட்காருவதையும் விட்டார். பேச்சும் குறைந்தது. சும்மா இருக்கும்போது சுண்டுவிரலை விட்டுக் காதைக் குடைவார், தலையை ஆட்டிக்கொள்வார். பெட்டி போன கவலை என்று நினைத்தேன். அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டதே!

ஆயுத பூஜைக்குப் பையனும் மருமகளும் வந்தார்கள். ஆவணியில்தான் கல்யாணம். ஆன கையோடு ஸ்ரீபெரும்புதூரில் அவன் வேலை செய்யும் இடத்துக்கே போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் அவள் நாலு நாள் சேர்ந்தாற்போல் தங்கியது அதுதான் முதல் தடவை. மணவூர்ப் பக்கத்துப் பெண். வயல், ரயில், வேறு சத்தம் இல்லாத ஊர்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பூஜைக்குக் கொட்டகையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்திலேயே மாக்கோலம் போட்டு, தறிக்குச் சந்தனம் குங்குமம் வைப்போம். அன்றைக்கு யார் காலிலும் செருப்பு இருக்கக் கூடாது. படையல் முடிந்ததும், வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் தலைக்குக் குளித்த ஈரத்தோடு தறியின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து ஒரு முழம் ஓட்ட வேண்டும். நானும் வந்த வருடம் அப்படித்தான் ஓட்டினேன். இந்தத் தடவை மருமகள் முறை.

முந்தின நாள் மத்தியானத்தோடு தறியை நிறுத்திவிட்டோம். கொட்டகையில் லைட்டும் ஃபேனும் வேண்டுமென்று மெயினை மட்டும் அணைக்கவில்லை. நான் கூடத்தை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஊஃபர் பெட்டி காலில் இடித்தது. கோபம் தலைக்கேறி, “பூஜைக்குள்ள இந்த சனியன எடுத்துகினு போயி பழைய இரும்புல போட்டுடு” என்று பையனிடம் சொன்னேன். அவனும் சரிம்மா என்று ஒயரைக் கழற்ற வந்தான்.

மருமகள் ஓரத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அத்த, அது என்னா சத்தம்?”

“எது?”

“உம்முனு கேக்குதே. வந்த அன்னியிலர்ந்து கேக்குது. தறி நிக்கிற மத்தியான நேரத்துல கண்ண மூட முடியல.”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பையனையும் கேட்டேன், அவனும் உதட்டைப் பிதுக்கினான். தொட்டிலிலேயே தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் அவன். தறி நின்றிருந்தால் எங்களுக்கு வீடு அமைதிதான். அதற்குக் கீழே ஒரு சத்தம் இருக்கும் என்று யார் கண்டார்கள்? நான் விடுவேனா? “ரயிலு ஓடுற ஊர்ல பொறந்தவளுக்கு எங்க வூட்டு சத்தம் பெருசா பூட்டுதா?” என்று கிண்டல் செய்தேன்.

“ரயிலு வந்துட்டு பூடும் அத்த. இது போவவே மாட்டேங்குது” என்றாள்.

சொல்லிவிட்டுப் பூவை வைத்துவிட்டு எழுந்து, பூனைக்குட்டி எங்கே கத்துகிறது என்று தேடுகிற மாதிரி கூடத்தைச் சுற்றினாள். ஃப்ரிட்ஜிடம் நின்றாள். இல்லை. ஜன்னலிடம் நின்றாள். இல்லை. கடைசியில் ஊஃபர் பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, “இதான்” என்றாள். டிவி அணைந்திருந்தது. பாட்டு கிடையாது. நான் கிட்டே போய்க் காதை வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. பெட்டியின் முன்பக்கத் துணி மேல் உள்ளங்கையை வைத்தேன். துணி அதிர்ந்துகொண்டிருந்தது. பாட்டே இல்லாமல் அந்தப் பெட்டி எங்கள் முதுகுக்குப் பின்னால் நாளெல்லாம் பாடிக்கொண்டிருந்திருக்கிறது!

பையனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ம்மா, பாட்டு இல்லன்னா இது தானா தூங்கிடணும். இந்த சத்தம் உள்ள வந்துகினே இருக்கறதால தூங்காம வேல செஞ்சிகினு கீது. அதான் கொதிக்குது” என்றான். கேபிள் பெட்டியிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கினான். நின்றுவிட்டது என்றாள் மருமகள். சொருகினான். மறுபடி வந்துவிட்டது என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒயர்தான் கெட்டுவிட்டது என்று பஜாருக்கு ஓடிப்போய்ப் புது ஒயர் வாங்கிவந்து மாட்டினான். சத்தம் போகவில்லை. அவன் முகம் தொங்கிப்போனது.

நான் இனி இதோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்று, கழுவுகிற வேலையைப் பார்க்கக் கொட்டகைக்குப் போனேன். தண்ணீர் விடும் முன் கொட்டகை மெயினை அணைத்தேன். அது தனி மெயின். அணைத்தால் கூடத்தில் கரண்ட் இருக்கும். அணைத்ததும் உள்ளேயிருந்து மருமகள் கத்தினாள்.

“அத்த! நின்னுடுச்சி!”

மறுபடி போட்டேன். வந்துவிட்டது என்றாள். அணைத்தேன், நின்றது. தறிக்கும் கூடத்தில் இருக்கிற பாட்டுப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு அப்போதும் பயம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. கனகம்மாசத்திரத்தில் இருக்கும் என் தம்பிக்கு போன் போட்டேன். ஒயரிங் வேலை செய்கிறவன். பூஜை சாமான் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தவன், நான் சொன்னதைக் கேட்டு இரண்டு கேள்வி கேட்டான். மெயினை அணைத்தே வை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டான்.

பொழுது சாயும் முன் வந்து சேர்ந்தான். எங்களைக் கூடத்தின் நடுவில் நிற்கச் சொல்லி, பையனைக் கொட்டகை மெயினைப் போடச் சொன்னான். சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஊஃபர் பெட்டியின் பின் தகட்டில் வைத்தான். எரிந்தது. ஃப்ரிட்ஜின் உடம்பில் வைத்தான். எரிந்தது. கொட்டகைக்குப் போய்த் தறியின் இரும்பில் வைத்தான். பளிச்சென்று எரிந்தது. டெஸ்டரைப் பையில்கூடப் போடாமல் ஓடிப்போய் மெயினை அணைத்தான். பிறகுதான் திரும்பினான்.

“அக்கா, எல்லாரும் செருப்பு போட்டுக்குங்க. பாவா எங்க? கூப்புடு அவர. யாரும் இரும்பத் தொடக் கூடாது.”

பாவா என்றது, மத்தியானமே பூஜை சாமான் வாங்கப் போயிருந்த என் வீட்டுக்காரரை. தம்பி டார்ச் அடித்து வீட்டைச் சுற்றினான். பின்பக்கம் முருங்கை மரத்தடியில் எர்த் குழி இருக்கிறது. மெயினிலிருந்து குழிக்குப் போகும் கம்பி மண்ணுக்குள் நுழைகிற இடத்தில் துருப்பிடித்து, மழையில் அற்றே போயிருந்தது. கொட்டகையில் மோட்டார் சுவிட்சுக்குப் போகும் ஒயர் தறியின் இரும்பில் தேய்ந்து தேய்ந்து தோல் உரிந்திருந்தது. அங்கே கசிந்த கரண்ட் பூமிக்குள் இறங்க வழி இல்லாமல், எர்த் கம்பி வழியாக வீடு முழுக்கச் சுற்றியிருக்கிறது. அதில் கொஞ்சம் ஊஃபர் பெட்டிக்குள் நுழைந்து, டிவி கேபிள் வழியாகத் தெருப் பக்கம் வெளியேறிக்கொண்டு இருந்திருக்கிறது. அந்தக் கரண்ட்தான் உம்மென்ற சத்தம், அந்தச் சத்தம்தான் சூடு. பெட்டியில் ஒரு பழுதும் கிடையாது. மெக்கானிக் சொன்னது சரி.

“இத்தினி நாளா உங்களுக்கு ஒண்ணும் ஆவாதது முருகன் புண்ணியம்” என்று தம்பி சொன்னான். அடுத்த நாள் காலை என் கண் முன்னால் வந்து நின்றது. ஈரத் தரை. வெறுங்கால். தலைக்குக் குளித்து ஈரம் சொட்டச் சொட்ட மருமகள். அவள் கை இரும்புக் கைப்பிடியில். “பிடிச்சி இழும்மா” என்று சொல்லப்போவது நான். கசிவை ஓரளவாவது வெளியே விட்டுக்கொண்டிருந்த பெட்டியையும் பழைய இரும்புக்கு அனுப்பச் சொன்னது நான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் கையைப் பிடித்தவள் விடவில்லை. மாமியாருக்கு என்ன வந்துவிட்டது என்று அந்தப் பெண் மிரண்டுபோனது. ஒரு கூடை பூ கட்ட வேண்டியிருக்கிறது என்று என்னென்னவோ சொல்லிக் கையை உருவப் பார்த்தாள். நான் அழுதுகொண்டே, “கெடக்குது போ” என்றேன்.

அன்றைக்குத் தம்பி எங்கள் வீட்டிலேயே தங்கினான். விடிந்ததும் புதுக் கம்பி இழுத்தான். குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். தேய்ந்த ஒயரை மாற்றினான். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்சு ஒன்றும் மாட்டினான். நல்ல நேரம் போகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இதைவிட நல்ல நேரம் எங்கே இருக்கிறது என்று வாயை அடைத்தேன். எல்லாம் முடிந்ததும் தம்பி டெஸ்டரைத் தறியில் வைத்துக் காட்டினான், எரியவில்லை. அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. அவன் சிரித்துக்கொண்டே ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, கையாலேயே தறியைத் தடவினான். பிறகுதான் மருமகளை விட்டேன். கைப்பிடியை இழுத்தாள். டக்கு டக்கு என்று தறி ஓடியது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கதை இதோடு முடியவில்லை. சாப்பாடு ஆனதும் பையன் ஊஃபர் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்து ஒயரை மாட்டினான். இன்னும் பாட்டுப் போடவில்லை. இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தகட்டைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. மெதுவாகச் சாய்ந்தார். உடனே தலையைத் தூக்கி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“அந்த எரைச்சல் இல்ல” என்றார்.

“என்னா எரைச்சல்?”

“உம்முனு. காதுக்குள்ள. மழை ஆரம்பிச்சதுலர்ந்து கேட்டுகினு இருந்திச்சி.”

எனக்குத்தான் கேட்கவில்லை, கனத்த சத்தம் மட்டுமே கேட்கும் அந்தக் காதுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கிறது. அதைத் தன் காதுக்குள் வருகிற இரைச்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் மனுஷன். மிச்சம் இருக்கிற காதும் போகப்போகிறது, இனி பம்பையும் கேட்காது என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல், மெடிக்கல் கடையில் சொட்டு மருந்து வாங்கித் தறிக்குப் பின்னால் ஒளித்து வைத்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். பெட்டி மெக்கானிக் கடையில் இருந்த அன்றைக்கு இரைச்சல் இல்லையாம். மருந்து கேட்டுவிட்டது என்று மலைக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டாராம்! மறுநாள் பெட்டி வீட்டுக்கு வந்ததும் இரைச்சலும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு மருந்தை மட்டும் இரட்டிப்பாக்கியிருக்கிறார்.

“சொல்றதுக்கு என்ன? வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்த?” என்று கத்தினேன். கத்தக் கத்தத்தான் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பையன் சட்டென்று பாட்டைப் போட்டான். பம்பை அடித்தது. துண்டு முகத்தில் இருந்தபடியே இவர் விரல் தரையில் தாளம் போட ஆரம்பித்தது. “நல்லா கேக்குதா நைனா?” என்று பையன் கேட்டான். துண்டுக்குள்ளேயிருந்து “ஆங்” என்று பதில் வந்தது. திரும்பியே பார்க்காமல், உதட்டையும் பார்க்காமல்!

இப்போது பெட்டி நாளெல்லாம் ஓடினாலும் சுடுவதில்லை. மாதம் தவறாமல் முருங்கை மரத்தடிக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். தறி லேசாகக் கடித்தாலும் உடனே மெயினை அணைத்துத் தம்பிக்கு போன் போடுகிறேன். சில நாள் அவனே சலித்துக்கொள்வான். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் தண்ணீர் கொடுத்துவிட்டு, எங்க வூட்ல உங்களுக்கு ஏதாவது சத்தம் கேக்குதா என்று கேட்கிறேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

என் கையில் அது சுரீர் என்றது, நான் சொல்லவில்லை. இவர் காதில் இரைந்தது, இவரும் சொல்லவில்லை. நாலே நாள் தங்க வந்த பெண் மட்டும், மாமியார் என்ன நினைப்பாளோ என்று பார்க்காமல் வாய் திறந்து கேட்டாள். அதனால்தான் இன்றைக்கும் எங்கள் கொட்டகையில் அவள் கை பட்ட தறி ஓடிக்கொண்டிருக்கிறது.